மூன்று டிகிரி: ஒரு மதிப்பீட்டின் வரலாறு

அறிவியல் நேற்று ஒன்றைச் சொன்னது, இன்று வேறொன்றைச் சொல்கிறது, நாளை என்ன சொல்லுமோ என்ற குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். முட்டை உடலுக்கு நல்லதா கெட்டதா என்பதில் தொடங்கி, புவி வெப்பமடைதல் வரை இந்தக் குறை நீள்கிறது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதை எதை நம்பி ஏற்பது என்று கேட்பவர்களிடம் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒரு மதிப்பீடு எப்போது மாறியது, எந்தத் திசையில் மாறியது, எது மாறாமல் நின்றது என்று பொறுமையாகப் பார்ப்பவர்கள் குறைவு. பழைய நூலொன்றின் பதிப்பு வரலாற்றைப் படிப்பதைப் போல ஓர் எண்ணின் வரலாற்றையும் படிக்கலாம். எந்தப் பதிப்பில் எந்தப் பாடம் சேர்ந்தது, எது நீங்கியது, பதிப்பாசிரியர் எந்த இடத்தில் தயங்கினார் என்பதெல்லாம் அங்கும் உண்டு.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் எண் எளிய கேள்வி ஒன்றுக்கான விடை. காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு இரண்டு மடங்கானால், பூமி புதிய சமநிலையை எட்டிய பிறகு அதன் சராசரி வெப்பநிலை எவ்வளவு கூடியிருக்கும்? பருவநிலை உணர்திறன் என்று இதற்குப் பெயர். நாளைய மழையைப் பற்றியோ அடுத்த கோடையைப் பற்றியோ இந்த எண் ஒன்றும் சொல்லாது. ஆனால் பூமியின் எதிர்கால வெப்பம் பற்றிய எந்தக் கணக்கும் இதைத் தொடாமல் செல்ல முடியாது.

*

இக்கேள்விக்கு எண்ணால் முதன்முதலில் விடை சொன்னவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ். 1896ல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் நோக்கம் எதிர்காலத்தைக் கணிப்பதல்ல. கடந்த காலத்தில் பனியுகங்கள் ஏன் வந்தன என்பதே அவரை வாட்டிய வினா. நிலவிலிருந்து வரும் வெப்பக் கதிர்களை அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி அளந்து வைத்திருந்தார். அந்த அளவுகளை எடுத்துக்கொண்டு, அட்சரேகை வாரியாக, பருவம் வாரியாக, கையாலேயே ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கணக்குப் போட்டார் அர்ரேனியஸ். காற்று சூடானால் அதிக நீராவியைத் தாங்கும், அந்த நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கரியமில வாயு இரட்டிப்பானால் 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் என்று விடை வந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதிய நூலில் அதை ஏறத்தாழ 4 டிகிரியாகக் குறைத்தார்.

இதில் அவர் ஆபத்து எதையும் காணவில்லை என்பது இன்று நமக்கு வியப்பாக இருக்கலாம். நிலக்கரியை எரித்துக் காற்றின் தன்மையை மாற்ற மனிதனுக்கு நெடுங்காலம் பிடிக்கும் என்றே அவர் நினைத்தார். அப்படி மாறினாலும், வடதுருவத்தை ஒட்டிய நாட்டில் வாழ்ந்தவருக்கு இதமான வானிலை ஒரு வரமாகவே தோன்றியது. எண் கைக்கு வந்துவிட்டது, அதைச் சார்ந்த அச்சம் இன்னும் பிறக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளில் இந்த எண் மறக்கப்பட்டது. கரியமில வாயு பிடிக்கவேண்டிய வெப்பத்தையெல்லாம் ஏற்கெனவே பிடித்தாயிற்று, மேலும் சேர்த்தால் ஒன்றும் ஆகாது என்று அதே ஸ்வீடனைச் சேர்ந்த க்னுட் ஆங்ஸ்ட்ராம் ஒரு பரிசோதனையைக் காட்டி வாதிட்டார். அந்த வாதம் தவறு. காற்றின் அடர்த்தி குறைந்த மேலடுக்குகளில் என்ன நடக்கிறது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. ஆனால் பெரும்பாலானோர் அதையே நம்பினார்கள்.

1938ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கை காலண்டர் கேள்வியை மறுபடி எழுப்பினார். அவர் நீராவி பற்றிய பொறியாளர். வானிலை ஆய்வு அவருடைய ஓய்வுநேர ஈடுபாடு மட்டுமே. உலகெங்குமுள்ள 147 நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, பூமி ஏற்கெனவே சூடாகத் தொடங்கிவிட்டது என்று காட்டினார். அவருடைய விடை 2 டிகிரி. வானிலையியல் சங்கத்தின் அறிஞர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஐயத்தோடு கலைந்தார்கள். காலண்டரும் இந்த வெப்பம் நன்மைக்கே என்றுதான் கருதினார், பனியுகம் திரும்பி வராதல்லவா என்பது அவருடைய எண்ணம்.

1956ல் கில்பர்ட் பிளாஸ் 3.6 டிகிரி என்றார். 1967ல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணிப்பொறியின் துணையோடு ஏறத்தாழ 2.3 டிகிரி என்றார்கள். இடையில், 1958ல், ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியிருந்தார். பத்து லட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு என்பது அப்போதைய அளவு. அதற்குப் பிறகு அந்த வளைகோடு எந்த ஆண்டும் கீழே இறங்கி முடிந்ததில்லை.

ஆக, எழுபது ஆண்டுகளில் விடைகள் 6, 4, 2, 3.6, 2.3 என்று அலைந்திருக்கின்றன. அறிவியல் மாறிக்கொண்டே இருக்கிறது என்பவர்கள் சுட்டிக்காட்ட வசதியான பட்டியல் இது. ஆனால் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கருவிகளைக் கொண்டு, ஒருவர் பாணியை மற்றவர் பின்பற்றாமல் கணக்கிட்ட இவர்களில் ஒருவருக்கும் விடை பூஜ்யத்தை ஒட்டியும் வரவில்லை, இருபதாகவும் வரவில்லை.

*

1979 ஜூலை மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலோர ஊரான வுட்ஸ் ஹோலில் ஒன்பது அறிவியலாளர்கள் கூடினார்கள். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு அது. தலைமை வகித்தவர் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வானிலையியல் மேதை ஜூல் சார்னி. அவர்களிடம் இரண்டு ஆய்வுக்கூடங்களின் கணிப்பொறி மாதிரிகள் இருந்தன. மனாபேயின் மாதிரி 2 டிகிரியிலும், ஜேம்ஸ் ஹான்சனின் மாதிரி 4 டிகிரிக்கு அருகிலும் நின்றன. மாதிரிகள் தவறக்கூடும் என்பதற்காக இரு பக்கமும் அரை டிகிரியைச் சேர்த்தார்கள் என்று பின்னாளில் சொல்லப்பட்டது. 1.5 முதல் 4.5 டிகிரி வரை, பெரும்பாலும் 3 டிகிரி என்று முடிவானது.

ஐந்து நாள் கூட்டத்தில் பிறந்த இந்த வீச்சு அடுத்த நாற்பதாண்டுகள் உயிரோடு இருந்தது. சார்னி 1981ல் மறைந்தார். அவர் பெயரால் அறியப்பட்ட அந்தச் சிறிய அறிக்கையின் முன்னுரையை வெர்னர் சுவோமி எழுதினார். கடல் வெப்பத்தை மெல்ல உள்வாங்குவதால் மாற்றம் கண்ணுக்குத் தெரியத் தாமதமாகும், பொறுத்திருந்து பார்ப்போம் என்று இருந்தால் காலம் கடந்த பிறகே நாம் விழித்துக்கொள்ள நேரலாம் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு மௌனா லோவாவில் பதிவான சராசரி அளவு ஏறத்தாழ 337.

இந்தக் கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவருக்கும் முக்கியமான இடம் உண்டு. மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன் 1975ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃப்ளூரோகார்பன் வாயுக்களின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் மூலக்கூறு ஒன்றைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று அது காட்டியது. அதுவரை எல்லோரும் கரியமில வாயுவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1985ல் அவரும் சகாக்களும் மீத்தேன் முதலான பிற வாயுக்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, அவை அனைத்தும் சேர்ந்து கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்கக்கூடும் என்றார்கள். அதே ஆண்டு ஆஸ்திரியாவின் வில்லாக் நகரில் கூடிய மாநாடு, எல்லா வாயுக்களின் கூட்டு விளைவும் 2030களிலேயே இரட்டிப்பு நிலையை எட்டிவிடலாம் என்று எச்சரித்தது. உணர்திறன் எண் அப்படியே இருந்தது. அது நடக்கும் காலம் மட்டும் பேரப்பிள்ளைகளிடமிருந்து நம்மிடம் நகர்ந்து வந்தது.

பின்னர் 1987ல் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான அந்த ஒப்பந்தத்தால் குளோரோஃப்ளூரோகார்பன்களின் உற்பத்தி படிப்படியாக நின்றது. வில்லாக் கணக்கின் ஒரு பகுதி அதனால் நிறைவேறாமல் போயிற்று. கணக்கு தவறானது என்று இதைச் சொல்ல முடியுமா? அபாயம் பற்றிய மதிப்பீட்டுக்கும் சோதிடத்துக்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. உரிய நேரத்தில் காதில் வாங்கப்பட்டால் மதிப்பீடு பலிக்காமல் போகவேண்டும். அதுவே அதன் பயன்.

*

1988ல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவை நிறுவின. ஐ.பி.சி.சி. என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். முதல் தலைவர் பெர்ட் போலின், வுட்ஸ் ஹோலில் கூடிய ஒன்பது பேரில் ஒருவர். இக்குழு தானாக ஆய்வு செய்வதில்லை. வெளிவந்த ஆய்வுகளைப் படித்து, எடைபோட்டு, தொகுத்துச் சொல்வதே அதன் வேலை. அறிக்கையின் சுருக்கத்தை அரசுகளின் பிரதிநிதிகள் வரிவரியாக விவாதித்து ஒப்புதல் தரவேண்டும். ஒரு பெயரடைக்காக இரவு முழுவதும் வாதாடுவது அங்கே சாதாரணம்.

இவ்வறிக்கைகளில் நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்கள் கவனிக்கவேண்டியது அந்தப் பெயரடைகளைத்தான். வெப்பம் மனிதனால் வந்ததா என்ற கேள்விக்கு 1990 அறிக்கை, ஐயத்துக்கு இடமில்லாதபடி கண்டறியப் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆகலாம் என்றது. 1995ல், சான்றுகளை ஒட்டுமொத்தமாக நிறுத்துப் பார்த்தால் மனிதனின் தாக்கம் புலப்படுகிறது என்றது. 2001 முதல் சொற்களுக்கு எண்களால் வரம்பு கட்டினார்கள். அந்த ஆண்டின் 'வாய்ப்பு அதிகம்' என்பது 66 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உறுதியைக் குறித்தது. அது 2007ல் 90 விழுக்காட்டுக்கு மேல் என்றும், 2013ல் 95 விழுக்காட்டுக்கு மேல் என்றும் உயர்ந்தது. 2021ல் விழுக்காட்டை விட்டுவிட்டு, ஐயத்துக்கு இடமில்லை என்றே எழுதிவிட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் ஆறு அறிக்கைகள். ஒவ்வொரு முறையும் நகர்ந்தது ஒரே திசையில்தான்.

இந்த ஏணியின் படிகள் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் தட்டையாகிவிடுகின்றன. கடல்மட்டம் உயரக்கூடும், வறட்சி அதிகரிக்கக்கூடும், பனிப்பாறைகள் உருகக்கூடும் என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. 'கூடும்' என்ற ஒரே விகுதி பத்து விழுக்காட்டு வாய்ப்பையும் தொண்ணூற்றைந்து விழுக்காட்டு வாய்ப்பையும் சுமக்க வேண்டியிருக்கிறது. 2001லும் கூடும், 2013லும் கூடும் என்றால், இவர்கள் இன்னமும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லையே என்று வாசகர் நினைப்பதில் தவறென்ன? மதிப்பீடு வளர்ந்த வரலாறே மொழிபெயர்ப்பில் காணாமல் போகிறது.

*

பிழைகளைப் பற்றியும் பேசவேண்டும். 2007 அறிக்கையின் இரண்டாம் பகுதியில், இமயமலையின் பனிப்பாறைகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஒரு வரி இடம்பெற்றது. அது தவறு. முறையான ஆய்விதழ் எதிலிருந்தும் அது வரவில்லை, 1999ல் ஓர் ஆங்கில அறிவியல் வார இதழில் வந்த பேட்டிச் செய்தியிலிருந்து கைமாறி வந்திருந்தது. இந்தியாவில் பனிப்பாறை ஆய்வாளர்கள் மறுத்தபோது அந்த மறுப்பு முதலில் ஏளனமாகத் தள்ளப்பட்டது. பின்பு 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு பல நாட்டு அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு அதன் நடைமுறைகளை ஆராய்ந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. பல நூறு பக்கங்களில் ஒரு வரிதான் என்றாலும், கங்கையையும் சிந்துவையும் நம்பி வாழ்பவர்களைப் பற்றிய வரி அது. கண்டனம் நியாயமானதே.

ஆனால் அதே 2007 அறிக்கைத் தொகுதியில் வேறொரு விஷயமும் இருந்தது. அதைப் பற்றி அவ்வளவு சத்தம் எழவில்லை. நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 9 முதல் 88 சென்டிமீட்டர் வரை உயரும் என்று 2001 அறிக்கை சொல்லியிருந்தது. 2007ல் அது 18 முதல் 59 என்று ஆனது. மேல் எல்லை கீழே இறங்கியதைப் பார்த்தவர்கள் ஆபத்து குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனிப்படலங்கள் வேகமெடுத்துக் கடலுக்குள் சரிவதை எப்படிக் கணக்கிடுவது என்று அப்போது தெரியவில்லை. அதனால் வருங்காலத்தில் அந்தச் சரிவு எவ்வளவு வேகமெடுக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்காமலேயே எண்களைத் தந்தார்கள். அறிக்கை அதை ஒளிக்கவில்லை, எழுதியே இருந்தது. செய்தியில் எண் மட்டும் பயணம் செய்தது, குறிப்பு பின்தங்கிவிட்டது.

எச்சரிக்கை எதுவும் இல்லாமல் இது நிகழவில்லை. மேற்கு அண்டார்டிகாவின் பனிப்படலம் வெப்பத்தால் குலையக்கூடும், அண்டார்டிகத் தீபகற்பத்தின் பனித்தட்டுகள் உடைவது அதன் முன்னறிகுறியாக இருக்கும் என்று ஜான் மெர்சர் 1978லேயே எழுதியிருந்தார். அக்காலத்தில் அது மிகையாகவே பலருக்குப் பட்டது. 2002ன் தொடக்கத்தில் அத்தீபகற்பத்தின் லார்சன் பி பனித்தட்டில் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களுக்குள் நொறுங்கிப்போனது. அடுத்த அறிக்கையில், 2013ல், கடல்மட்டக் கணக்கு 26 முதல் 82 சென்டிமீட்டர் என்று உயர்ந்தது. 2021ல், வாயுக்களின் வெளியேற்றம் மிக அதிகமாக இருந்தால் 2100க்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை உயரலாம் என்றும், பனிப்படலங்களின் நடத்தை சரியாகத் தெரியாத நிலையில் 2 மீட்டரைக்கூட முற்றிலும் மறுக்க முடியாது என்றும் எழுதினார்கள்.

இமயமலைப் பிழை மிகைப்படுத்தியது, கடல்மட்டக் கணக்கு குறைத்துச் சொன்னது. முன்னதற்கு நீண்ட விசாரணை நடந்தது. பின்னது நிதானம் என்று பெயர் பெற்றது. நவோமி ஒரெஸ்கஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். பரபரப்பூட்டுகிறவர் என்ற பழிக்கு அஞ்சி அறிவியலாளர்கள் அடக்கமான விடையின் பக்கமே சாய்கிறார்கள் என்பது அவர்களுடைய முடிவு. உணர்ச்சியைத் தள்ளி வைப்பது அறிவியலின் ஒழுக்கம். அந்த ஒழுக்கமே சிலவேளை தராசின் ஒரு தட்டில் விரல் வைத்துவிடுகிறது.

*

மூன்று டிகிரிக்குத் திரும்புவோம். சார்னியின் வீச்சை 1990, 1995, 2001 அறிக்கைகள் அப்படியே ஏற்றன. 2007ல் கீழ் எல்லை 1.5லிருந்து 2 ஆக உயர்ந்தது. 1998க்குப் பின் தரைமட்ட வெப்பம் சில ஆண்டுகள் மெதுவாகவே ஏறியதையும் கருத்தில் கொண்டு 2013ல் மீண்டும் 1.5க்கே இறக்கினார்கள், நடு எண்ணைச் சொல்லவும் தயங்கினார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் உழைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோமா என்ற சோர்வு அப்போது பலரிடம் இருந்தது.

அடுத்த எட்டாண்டுகளில்தான் முடிச்சு தளர்ந்தது. மேகங்கள் வெப்பத்துக்கு எப்படி எதிர்வினை புரிகின்றன என்ற புரிதல் கூடியது. நூற்றைம்பதாண்டு வெப்பப் பதிவுகள் கூர்மையடைந்தன. பனியுகத்தையும் அதற்கு முந்தைய வெப்ப யுகங்களையும் பற்றிய சான்றுகள் சேர்ந்தன. ஒன்றையொன்று சாராத இந்த மூன்று வழிகளும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. இதற்கிடையே புதிய கணிப்பொறி மாதிரிகள் சில 5 டிகிரிக்கு மேல் காட்டத் தொடங்கியிருந்தன. 2021 அறிக்கை அவற்றை அப்படியே ஏற்கவில்லை, பிற சான்றுகளோடு ஒப்பிட்டு ஓரமாக வைத்தது. அது தந்த வீச்சு 2.5 முதல் 4 வரை. நடு எண் 3. சார்னி சொன்ன அதே மூன்று. ஒன்றரை டிகிரிதான், தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இருந்த இடம் போய்விட்டது. நாலரை டிகிரி என்ற அச்சத்துக்கு இருந்த இடமும் பெரிதும் சுருங்கியது.

ஆனால் எண் நின்ற இடத்தில் அபாயம் நிற்கவில்லை. 2001 அறிக்கை கவலைப்படவேண்டிய காரணங்கள் என்று ஐந்தைப் பட்டியலிட்டு, எத்தனை டிகிரியில் எது ஆபத்தாகும் என்பதை வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாறும் பட்டைகளாக வரைந்தது. அன்று, பனிப்படலக் குலைவு போன்ற பெரும் மாற்றங்கள் ஏறத்தாழ 5 டிகிரி அளவில்தான் அஞ்சவேண்டியவை என்று கருதப்பட்டன. 2022 அறிக்கையில் அதே பட்டை 1.5 முதல் 2.5 டிகிரிக்குள்ளேயே சிவந்துவிட்டது. பவளப்பாறைகளும் பனியும் பயிர்களும் நினைத்ததைவிட நொய்மையானவை என்பதை இடைப்பட்ட இருபதாண்டுகள் கற்றுக்கொடுத்திருந்தன. பூமி எவ்வளவு சூடாகும் என்ற விடை 1979லேயே ஏறக்குறைய கிடைத்துவிட்டது. அந்தச் சூடு என்ன செய்யும் என்பதைத்தான் நாம் ஒவ்வொரு அறிக்கையிலும் குறைவாக நினைத்து, அடுத்த அறிக்கையில் திருத்திக்கொண்டு வந்திருக்கிறோம்.

வீச்சு சுருங்கிய 2021ஆம் ஆண்டில் மௌனா லோவாவின் சராசரி அளவு ஏறத்தாழ 416. 2024ல் அது 420ஐத் தாண்டியிருந்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட அந்த ஆண்டு ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் வெப்பமாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஓராண்டுக் கணக்கு நெடுங்காலச் சராசரி ஆகாது என்பதையும் அது சேர்த்தே சொன்னது. சுவோமி முன்னுரையில் அஞ்சிய காத்திருப்பு 337லிருந்து 416 வரை நீண்டிருக்கிறது. மேலும் துல்லியம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அளக்கப்பட வேண்டிய காற்றே வேறாகிவிட்டது.

ஐ.பி.சி.சி.யின் ஏழாவது அறிக்கைக்கான பணிகள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. அது வெளிவரும்போதும் அறிவியல் மறுபடி மாறிவிட்டது என்ற பேச்சு எழும். அப்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த எண் மாறியது, எது அப்படியே நிற்கிறது? உறுதியைச் சொல்லும் சொல் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு நகர்ந்தது? கணக்கிட முடியாது என்று சொல்லி எதை வெளியே விட்டிருக்கிறார்கள்? 2007ல் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டிருந்தவர்கள், கடல்மட்டம் 59 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்று நிம்மதி அடைந்திருக்க மாட்டார்கள்.